வெல்டிங் எந்திரத்தின் மெய்யான வெளியீடு

வெல்டிங் எந்திரத்தின் வெளியீடு ஒரே எண்ணில் அடங்குவதன்று. மின்வில் எரியும்போது ஹோல்டர் கேபிளில் ஓடும் கரண்ட், அந்நேரத்தில் வெளியீட்டு முனைகளுக்கு இடையே நிற்கும் மின்னழுத்தம், சூடேறி நின்றுவிடாமல் அவ்விரண்டையும் எந்திரம் தாங்கும் நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே வெளியீடு. முகப்பில் பெரிதாக அச்சிடப்படும் 200, 250 போன்ற எண்கள் இவற்றில் எதற்கும் உறுதி தருவதில்லை. மலிவான இன்வெர்ட்டர் எந்திரங்கள் பலவற்றில் அவை மாடல் பெயரின் ஒரு பகுதி மட்டுமே. அத்தகைய எந்திரங்களின் திரையில் ஒளிரும் ஆம்பியர் எண்ணும் பெரும்பாலும் குமிழ் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. கேபிளில் ஓடும் கரண்டை உணர்ந்து காட்டுவதில்லை.

பட்டறைகளில் 10 நம்பர் ராடு என்று கேட்டு வாங்கப்படும் 3.15 மி.மீ. ராடுக்கு, இ6013 வகையில், சுமார் 90 முதல் 130 ஆம்பியர் வேண்டும். 12 நம்பர் எனப்படும் 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர் போதும். திரை 120 என்று காட்டி, கேபிளில் 85 மட்டும் ஓடினால் 10 நம்பர் ராடு அடிக்கடி ஒட்டிக்கொள்ளும். உலோகம் உள்ளே இறங்காமல் மேலாகக் குவியும். கசடு மடிப்பில் சிக்கிக்கொள்ளும். பார்வைக்கு நன்றாகத் தெரியும் அந்தப் பற்று, கேட்டின் கீலிலோ படிக்கட்டின் தாங்கியிலோ சுமை ஏறும்போது விட்டுப்போகும். அனுபவமுள்ளவர் வில்லின் ஓசையையும் ராடு உருகும் வேகத்தையும் கொண்டு குமிழைத் திருத்திக்கொள்வார். வீட்டில் தானாகக் கற்பவருக்கு அந்த அளவுகோல் இல்லை; எந்திரத்தின் குறையைத் தன் கையின் குறையாக எண்ணிக்கொள்கிறார். அளந்து பார்ப்பதன் முதல் பயன் இந்த ஐயத்தைத் தீர்ப்பதுதான்.

விவரத் தகடு

சோதனை தொடங்க வேண்டிய இடம் எந்திரத்தின் பின்புறமோ அடியிலோ ஒட்டியுள்ள விவரத் தகடு. மின்வில் வெல்டிங் எந்திரங்களுக்கான பன்னாட்டுத் தரம் ஐஇசி 60974-1. இதன்படி யூ0 என்பது சுமையில்லாத மின்னழுத்தம். ஐ2, யூ2 ஆகியவை சுமையிலிருக்கும் கரண்டும் மின்னழுத்தமும். எக்ஸ் என்பது பணிச் சுழற்சி. ஐ1 என்பது மின்வழங்கலிலிருந்து இழுக்கும் கரண்ட்.

கரண்டுக்கும் சுமை மின்னழுத்தத்துக்கும் உள்ள உறவை அத்தரமே வகுத்திருக்கிறது. ராடு வெல்டிங்கில் கரண்டை 0.04 ஆல் பெருக்கி 20 கூட்ட வேண்டும். 100 ஆம்பியருக்கு 24 வோல்ட், 150க்கு 26, 200க்கு 28 என்று வரும். டிக் வெல்டிங்கில் 20க்குப் பதில் 10 கூட்டப்படும். மிக் வெல்டிங்கில் 0.05 ஆல் பெருக்கி 14 கூட்டப்படும். இந்த மின்னழுத்தத்தில் தர முடியாத கரண்ட், வெளியீட்டுக் கணக்கில் சேராது. கேபிள் இரண்டையும் நேராக ஒட்டவைத்து 200 ஆம்பியர் ஓடியதாகக் காட்டுவது எளிது. அங்கே மின்னழுத்தம் ஏறக்குறைய இல்லை, வெல்டிங்குக்கான வெப்பமும் இல்லை.

எக்ஸ் என்ற கட்டம் காலியாக உள்ள தகட்டையும், தகடே இல்லாத எந்திரத்தையும் நம்பி வாங்குவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

பிளக் பாயின்ட் விதிக்கும் எல்லை

மீட்டர் எதுவும் இல்லாமலே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. எந்த எந்திரமும் சுவரிலிருந்து எடுத்ததைவிட அதிகத் திறனை வெளியே தர முடியாது. 230 வோல்ட், 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் தொடர்ந்து தரக்கூடியது அதிகபட்சம் 3,680 வோல்ட்-ஆம்பியர். எந்திரத்தின் பயன்திறனை 80 விழுக்காடு என்று கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2023 தொடக்கத்திலிருந்து ஒற்றைப் பேஸ் எந்திரங்களுக்குக் கட்டாயமாக்கிய கீழெல்லையும் அதுவே. அப்படியானால் வெளியே வருவது 2,944 வாட். மேலே சொன்ன சூத்திரத்தில் இட்டால் அது சுமார் 119 ஆம்பியருக்குத்தான் போதும். இதுவும் திறன் காரணி, அதாவது இழுக்கும் வோல்ட்-ஆம்பியரில் மெய்யான வாட்டாகும் பங்கு, 1 ஆக இருந்தால் மட்டுமே. திறன் காரணியைத் திருத்தும் சுற்று இல்லாத சாதாரண இன்வெர்ட்டர்களில் அதை 0.7 என்று கொண்டால், எல்லை 88 ஆம்பியருக்கு இறங்கிவிடுகிறது.

மறுபுறமாகவும் கணக்கிடலாம். மெய்யாகவே 200 ஆம்பியரை 28 வோல்ட்டில் தரும் எந்திரத்தின் வெளியீடு 5,600 வாட். அதே பயன்திறனிலும் திறன் காரணியிலும் அது சுவரிலிருந்து 43 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மூன்று முள் பிளக்கும் மெல்லிய வயரும் கொண்ட ஒரு பெட்டி 200 ஆம்பியர் தரும் என்று சொல்வது இந்தக் கணக்கின் முன் நிற்காது.

பின் எப்படி 16 ஆம்பியர் இணைப்பில் பெரிய ராடுகளும் சிறிது நேரம் எரிகின்றன? கரண்ட் மிஞ்சினால் இணைப்பைத் துண்டிக்கும் வீட்டு எம்சிபி உடனே விழுவதில்லை. குறித்த அளவைப்போல் 1.45 மடங்கு கரண்டில், அதாவது 23 ஆம்பியரில், ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தால் போதும் என்பதே அதன் தரவிதி. அந்த இடைவெளியில் சாக்கெட்டும் சுவருக்குள் உள்ள வயரும் சூடேறுகின்றன. பழுப்பேறிய சாக்கெட் அதற்குச் சான்று.

கிளாம்ப் மீட்டர்

வீட்டுப் பட்டறைக்கு மிகப் பொருத்தமான கருவி கிளாம்ப் மீட்டர். தேர்வில்தான் பலர் தவறுகிறார்கள். கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் கிளாம்ப் மீட்டர் மாறுமின்னோட்டத்தை மட்டுமே உணரும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் எந்திரத்துக்கு அது உதவும். இன்வெர்ட்டர் எந்திரத்தின் வெளியீடு நேர்மின்னோட்டம். அதை அளக்க ஹால் விளைவில் இயங்கும், நேர்மின்னோட்டமும் அளக்கும் கிளாம்ப் வேண்டும். காந்தப்புலத்தில் வைத்த, கரண்ட் ஓடும் கடத்தியில் குறுக்கே மின்னழுத்தம் தோன்றும் இந்த விளைவை 1879இல் அமெரிக்க இயற்பியலாளர் எட்வின் ஹால் கண்டறிந்தார். டிரான்ஸ்ஃபார்மரிலும் வில் எரியும்போது அலை சீரான சைன் வடிவில் இருப்பதில்லை. ஆகவே மெய்யான ஆர்எம்எஸ் (பயனுறு மதிப்பு) காட்டும் மீட்டரே சரியான எண்ணைத் தரும்.

அளக்குமுன் மீட்டரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஹால் உணரி அருகிலுள்ள இரும்பின் காந்தத்தையும் எடுத்துக்கொள்ளும். கிளாம்ப்பின் வாய் ஒரே ஒரு கேபிளைச் சுற்ற வேண்டும். ஹோல்டர் கேபிளையும் எர்த் கேபிளையும் சேர்த்துக் கவ்வினால் இரண்டும் ஒன்றையொன்று நீக்கிப் பூச்சியமே காட்டும். எந்திரத்திலிருந்து ஓரடிக்குமேல் தள்ளி, கேபிள் நேராகக் கிடக்கும் இடத்தில் மாட்டுவது நல்லது.

இதற்கு இருவர் வேண்டும். ஒருவர் தடித்த பட்டையின்மேல் சீரான வில் நீளத்துடன் ஒரு ராடு முழுவதையும் எரிக்க, மற்றவர் எண்களைக் குறிக்கிறார். வில்லைத் தொடங்கும்போது இன்வெர்ட்டர் சிறிது நேரம் கூடுதல் கரண்ட் தரும். ராடு பட்டையை நெருங்கித் தொடும்போதும் கரண்டை உயர்த்தும். இத்தகைய உச்ச எண்களைப் பதிவதால் பயனில்லை. முதல் ஐந்து விநாடி கழித்து நிலையாக வரும் சராசரியே கணக்கு. அதே வேளையில் ஒரு மல்டிமீட்டர் எந்திரத்தின் வெளியீட்டு முனைகளில் மின்னழுத்தத்தையும், இன்னொன்று உள்ளீட்டு மின்னழுத்தத்தையும் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். உயர் அதிர்வெண் பொறியால் வில்லைத் தொடங்கும் டிக் எந்திரத்தில் மல்டிமீட்டரை மாட்டவே கூடாது. அந்தப் பொறியின் மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட், மீட்டர் எரிந்துபோகும்.

குமிழின் சிறும அளவு, கால், அரை, முக்கால், முழு அளவு என்ற ஐந்து இடங்களில் இவ்வாறு அளந்தால் எந்திரத்தின் உண்மை நிலை தெரிந்துவிடும். அளவுக்குறியின் கால் பங்கிலிருந்து முழு அளவு வரை, குறித்த எண்ணுக்கும் உண்மைக்கும் 10 விழுக்காடு வேறுபாட்டைப் பன்னாட்டுத் தரம் ஏற்கிறது. 120இல் வைத்தால் 108 முதல் 132 வரை வருவது குறையாகாது. 120க்கு 85 வருவது குறை. அதிலும் ஒரு நுட்பம் உண்டு: எல்லா இடங்களிலும் ஒரே விகிதத்தில் குறைந்தால் அளவுக்குறிதான் பொய், எந்திரம் பழுதில்லை. நடு வரை சரியாக வந்து அதன்மேல் ஏறாமல் நின்றால், உள்ளே உள்ள சுற்றின் எல்லையோ உள்ளீட்டு மின்னழுத்தத்தின் வீழ்ச்சியோ காரணம்.

கிளாம்ப்பைவிடத் துல்லியமானது ஷன்ட். இது கேபிளோடு தொடராக இணைக்கப்படும், தெரிந்த மின்தடையுள்ள உலோகக் கட்டை. 200 ஆம்பியருக்கு 75 மில்லிவோல்ட் தரும் ஷன்டில் 45 மில்லிவோல்ட் காட்டினால் ஓடுவது 120 ஆம்பியர்.

வில் இல்லாமல் சுமை

கையால் பிடிக்கும் வில் ஒருபோதும் அசையாமல் நிற்பதில்லை. ஆகவே பழுதுபார்க்கும் இடங்களில் வில்லுக்குப் பதில் மின்தடைச் சுமையைப் பயன்படுத்துவர். 100 ஆம்பியரில் 24 வோல்ட் நிற்க 0.24 ஓம் வேண்டும். 25 மி.மீ. அகலமும் 1 மி.மீ. கனமும் கொண்ட 304 வகைத் துருப்பிடிக்காத எஃகுப் பட்டையில் இது 8 மீட்டருக்குச் சற்று அதிக நீளம். பட்டை சூடேறும்போது தடையும் ஏறும் என்பதால் பட்டையில் கேபிளை இணைக்கும் கிளாம்ப்பை நகர்த்தி, மின்னழுத்தம் சூத்திரத்தோடு பொருந்தும் இடத்தில் நிறுத்த வேண்டும். அந்தப் பட்டை 2,400 வாட் வெப்பத்தை வெளியிடும். செங்கல்லின்மேல், எரியக்கூடிய எதுவும் அருகில் இல்லாத வெளியிடத்தில் வைத்தே சோதிக்க வேண்டும்.

உப்புத் தண்ணீர் டிரம்மில் தகடுகளை இறக்கிச் சுமையாக்கும் முறை நேர்மின்னோட்ட எந்திரத்துக்கு ஆகாது. குளோரினும் ஹைட்ரஜனும் வெளிப்படும். துருப்பிடிக்காத எஃகுத் தகடு கரைந்து நச்சான குரோமியச் சேர்மங்கள் நீரில் சேரும்.

மின்சார மீட்டரும் ஓர் அளவுகோல்

கிளாம்ப் கிடைக்காதவருக்கு வீட்டின் மின்சார மீட்டரே உதவும். அதில் சிமிட்டும் சிவப்பு விளக்கு ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை சிமிட்டும் என்பது மீட்டரின் முகத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். அது 3,200 என்று கொள்வோம். வீட்டின் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, சீராக வெல்டிங் செய்யும் 30 விநாடிகளைக் கைப்பேசியில் படமெடுத்து எண்ணினால் 80 சிமிட்டல் வருகிறது என்றால், செலவானது 0.025 யூனிட், அதாவது எந்திரம் இழுத்த திறன் 3,000 வாட். 80 விழுக்காடு பயன்திறனில் வெளியே வந்தது 2,400 வாட். அது 24 வோல்ட்டில் 100 ஆம்பியர். பயன்திறனை ஊகித்துக்கொள்வதால் இது தோராயம்தான். ஆனாலும் 200 என்று எழுதிய எந்திரம் 100 தருகிறதா 180 தருகிறதா என்று பிரித்தறிய இது தாராளமாகப் போதும். மீட்டர் வாடிக்கையாளரின் மெய்யான வாட்டையே பதிவதால் திறன் காரணியின் குழப்பமும் இங்கே இல்லை.

வழியில் தொலைவது

எந்திரத்தைக் குறைகூறுமுன் வயர்களைப் பார்ப்பது நியாயம். 1.5 சதுர மி.மீ. செம்பு வயரில் 30 மீட்டர் எக்ஸ்டென்ஷன் போட்டால், போக வர 60 மீட்டர். தடை சுமார் 0.69 ஓம். 20 ஆம்பியர் இழுக்கும்போது கிட்டத்தட்ட 14 வோல்ட் வழியிலேயே போய்விடும். மாலையில் மின்னழுத்தம் ஏற்கெனவே 200க்கு அருகில் இறங்கிவிடும் ஊர்களில் இந்த 14 வோல்ட் பெரிய இழப்பு. வெளியீட்டுப் பக்கமும் அப்படியே: பெட்டியோடு வரும் மெல்லிய கேபிள்களில் செம்பு பூசிய அலுமினியமே பல வேளைகளில் இருக்கும். தளர்ந்த எர்த் கிளாம்ப்பும் பெயின்ட் சுரண்டாத இரும்பும் மேலும் சில வோல்ட்டை விழுங்கும். முனையில் அளந்த மின்னழுத்தத்தையும் ஹோல்டருக்கும் வேலைப்பொருளுக்கும் இடையே அளந்ததையும் ஒப்பிட்டால், தொலைந்தது எங்கே என்று உடனே தெரியும்.

பணிச் சுழற்சி

தரவிதியில் பணிச் சுழற்சி 10 நிமிடக் கணக்கு. சுற்றுப்புறம் 40 டிகிரி செல்சியஸ். 200 ஆம்பியரில் 20 விழுக்காடு என்றால் இரண்டு நிமிடம் எரித்து எட்டு நிமிடம் ஓய்வு. வெப்பம் கரண்டின் இருமடியோடு ஏறுவதால், அதே எந்திரத்தை 60 விழுக்காடு நேரம் ஓட்ட 115 ஆம்பியருக்கும், நிறுத்தாமல் ஓட்ட 89 ஆம்பியருக்கும் இறக்க வேண்டும். சில தயாரிப்பாளர்கள் 20, 25 டிகிரியில் கணக்கிட்ட எண்ணை அச்சிடுகின்றனர். தமிழ்நாட்டுக் கோடையில் தகரக் கூரைக்கடியில் அந்த எண் செல்லாது. சோதனைக்கு, எந்திரத்தைக் குறித்த கரண்டில் வைத்து எரித்து, வெப்பக் காப்பு விளக்கு எரியும்வரை ஆன நேரத்தைக் குறித்தால் போதும். சூடான பின்பு கரண்ட் எவ்வளவு குறைகிறது என்பதையும் கட்டாயம் அளக்க வேண்டும்.

பாதுகாப்பு

சுமையில்லாத மின்னழுத்தம் நேர்மின்னோட்டத்தில் உச்சமாக 113 வோல்ட்டையும், மாறுமின்னோட்டத்தில் ஆர்எம்எஸ் கணக்கில் 80 வோல்ட்டையும் தாண்டக் கூடாது. ஈரமும் நெருக்கமும் உள்ள இடத்துக்கு உரிய மாறுமின்னோட்ட எந்திரத்தில் 48 வோல்ட்டே எல்லை. வியர்த்த உடலுக்கு 80 வோல்ட்டும் ஆபத்தே. இன்வெர்ட்டரின் உறையைத் திறந்து அளக்க எவரும் முயலக் கூடாது: உள்ளே உள்ள மின்தேக்கிகளில் சுமார் 325 வோல்ட் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது உடனே இறங்குவதில்லை. இதய முடுக்கி பொருத்தியவர் சோதனை நடக்கும் இடத்தில் இருக்கக் கூடாது.

பதிவு

தொழிற்சாலைகளில் வெல்டிங் எந்திரத்தின் அளவீடுகளைச் சரிபார்க்க 2018இல் ஐஇசி 60974-14 என்ற தனித் தரம் வெளியானது. வீட்டுப் பட்டறைக்கு ஒரு தாள் போதும். குமிழின் ஐந்து இடங்கள், ஒவ்வொன்றிலும் அளந்த கரண்ட், மின்னழுத்தம், அப்போதைய உள்ளீட்டு மின்னழுத்தம், தேதி ஆகியவற்றை எழுதி எந்திரத்தின் மேலேயே ஒட்டிவிடலாம். கட்டுப்பாட்டுப் பலகையோ குமிழோ மாற்றப்பட்டால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மீண்டும் அளக்க வேண்டும்.