பாஞ்சோவைச் செய்த கை

அமெரிக்காவின் வட கரோலைனாவில், பீச் மலைப் பக்கத்துப் பழைய பாஞ்சோ என்ற தந்திக் கருவி ஒன்று அகப்பட்டால், அதைச் செய்தவர் என்று பலர் உடனே பாடகர் ஃபிராங்க் பிராஃபிட்டின் (1913–1965) பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். வியப்பில்லை. 1958-இல் கிங்ஸ்டன் டிரையோ என்ற பாடகர் குழு உலகறியச் செய்த ‘டாம் டூலி’ இவரிடமிருந்து சேகரிக்கப்பட்ட பாடல். புகழுள்ள பெயருக்குச் சந்தையில் விலை கூடுதல். ஆனால் மரப்பலகைகளை அடுக்கிய வட்டம், நடுவில் சிறு தோல், மெட்டுகள் இல்லாத கழுத்து ஆகியவை ஒருவரின் முத்திரை அல்ல. அவ்வட்டாரத்து ஹிக்ஸ், கிளென் குடும்பங்களும் இப்படியே செய்தன. மாதிரிப் பலகைகள் அண்டை அயலில் கைமாறின. போதாததற்கு, 1975-இல் ‘ஃபாக்ஸ்ஃபயர்’ நூல்வரிசையின் மூன்றாம் தொகுதி செய்முறையையே அச்சிட்டுவிட்டது. எனவே வடிவம் காட்டுவது வட்டாரத்தை மட்டுமே.

உள்ளே கையெழுத்து இருந்தால் போதாதா என்பார்கள். அது வாங்கியவருடையதாகவும் இருக்கலாம், விற்பவர் பின்னால் எழுதியதாகவும் இருக்கலாம். வெளிவடிவத்தை நகலெடுப்பது எளிது. யாரும் பார்க்காத இடத்தில் உளி போன போக்கையும், பிரடைத் துளையின் சரிவையும், கழுத்து வட்டத்தோடு சேரும் பொருத்தையும் நகலெடுக்க யாரும் மெனக்கெடுவதில்லை. அவற்றை, செய்தவர் ஐயமின்றித் தெரிந்த கருவி ஒன்றோடு ஒப்பிட்ட பிறகே பெயர் சொல்லலாம். அதுவரை ‘பீச் மலைப் பாணி’ என்றெழுதுவதே நேர்மை, விலை குறைந்தாலும்.