இரு கணனிகளின் வழக்கு

தன் சரக்கைப் புகழ்தல் வணிகர் மரபு. மாற்றான் சரக்கைச் சபையில் நிறுத்தி நகையாடுதல் வேறொரு துணிவு. 2006இல் அப்பிள் நிறுவனம் தன் மக் கணனிக்காக அமெரிக்கத் தொலைக்காட்சியில் அத்துணிவை மேற்கொண்டது. வெண்ணிறப் பின்னணியில் இருவர் தோன்றினர். எளிய உடையணிந்த ஜஸ்டின் லோங் தம்மை ‘மக்’ என்பார். கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்த ஜோன் ஹொட்ஜ்மன், விண்டோஸ் இயங்கும் ‘பீசீ’ என்பார். பின்னவர் தும்முவார், தடுமாறி விழுவார், வைரசு நோயாம்! 2009 வரை இவ்வாறு 66 விளம்பரங்கள் வந்தன.

கண்டோர் நகைத்தனர். ஆயினும் பலருடைய பரிவு, விழுந்த மனிதரிடமே சென்றது. இளைஞரின் அமைதியைச் சிலர் செருக்கென்றனர். அந்நாளில் அலுவலகக் கணனிகளுள் பெரும்பாலானவை விண்டோஸ் வகையே. ஆகவே நகையாடப்பட்டது இயந்திரம் மட்டுமன்று, அதன்முன் நாள்தோறும் அமர்ந்த லிகிதருந்தான். 2007இல் பிரித்தானியாவில் மிச்சல், வெப் என்னும் நகைச்சுவை இரட்டையர் அவ்வேடங்களை ஏற்றபோது இக்குறை பத்திரிகையிலும் எழுந்தது.

2008இல் மைக்ரோசொப்ட் மறுமொழி கூறிற்று. ஹொட்ஜ்மனைப்போல உடுத்த தன் ஊழியர் ஒருவரை முன்னிறுத்தி, பல தொழிலினரும் ‘நான் பீசீ’ என்று சொல்லச் செய்தது. ஏளனப் பெயர் மார்தட்டும் பெயராயிற்று.

2021இல் அதே ஜஸ்டின் லோங், இன்டெல் நிறுவன விளம்பரங்களில் தோன்றி மக் கணனியின் குறைகளை எடுத்துரைத்தார்.