தொண்ணூற்றொன்பது பலூன்களும் ஒரு போரும்

1982 ஜூன் மாதம், மேற்கு பெர்லினின் வால்ட்பியூனெ திறந்தவெளி அரங்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் இசை நிகழ்ச்சி. நிகழ்ச்சி முடியும் நேரத்தில் பலூன்களைக் கொத்துக் கொத்தாகப் பறக்கவிட்டார்கள். கூட்டத்தில் கார்லோ கார்கெஸ் என்ற கிட்டார் கலைஞரும் இருந்தார். மேலே போன பலூன்களைக் காற்று அள்ளிக்கொண்டு போக, அவர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். தூரம் கூடக் கூடத் தனித்தனிப் பலூன்கள் மறைந்து, உருமாறியபடி நகரும் ஏதோ ஒரு பறக்கும் தட்டுபோல அந்தக் கூட்டம் தெரிந்தது. இது சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தோன்றியது. உலகமே ஆடிய '99 லுஃப்ட்பலோன்ஸ்' என்ற பாட்டுக்கு விதை அதுதான்.

இன்னோர் ஊரில் அந்த எண்ணம் வந்திருக்காது என்றே நினைக்கிறேன். அன்றைய மேற்கு பெர்லின், கிழக்கு ஜெர்மனிக்கு நடுவில் அகப்பட்ட தீவு. சுற்றிலும் சுமார் 155 கிலோமீட்டருக்குச் சுவரும் வேலியும் காவல் கோபுரங்களும். காற்று எந்தத் திசையில் அடித்தாலும் அங்கிருந்து கிளம்பும் பலூன் வெகுதூரம் போனால் எல்லையைக் கடந்தே தீரும். அந்த எல்லையில் பலூன் வெறும் விளையாட்டுப் பொருளும் இல்லை. 1950களில் கம்யூனிச நாடுகளுக்குள் பிரசாரத் துண்டறிக்கைகளை மேற்கிலிருந்து பலூனில் கட்டித்தான் அனுப்பினார்கள். 1979 செப்டம்பரில் கிழக்கு ஜெர்மனியின் இரண்டு குடும்பங்கள், குழந்தைகள் உட்பட எட்டுப் பேர், தாங்களே துணி தைத்துச் செய்த வெப்பக் காற்றுப் பலூனில் இரவோடு இரவாக எல்லை தாண்டி பவேரியாவில் இறங்கியிருந்தார்கள். காவல் கோபுரத்தில் நிற்பவன் வானத்தில் ஒரு பலூனைக் கண்டால் பதறுவதற்குக் காரணம் இருந்தது.

பதற்றம் அவனோடு நிற்கவில்லை. சோவியத் ஒன்றியம் எஸ்எஸ்-20 ஏவுகணைகளை ஐரோப்பாவை நோக்கி நிறுத்தியிருந்தது. பதிலுக்கு, பேச்சுவார்த்தை பலிக்காவிட்டால் 108 பெர்ஷிங்-2 ஏவுகணைகளையும் 464 க்ரூஸ் ஏவுகணைகளையும் மேற்கு ஐரோப்பாவில் நிறுத்துவதென்று நேட்டோ 1979 டிசம்பரில் முடிவெடுத்தது. பெர்ஷிங் அத்தனையும் மேற்கு ஜெர்மனிக்கு. போர் வந்தால் இரு தரப்பும் முதலில் எரிக்கப்போவது தங்கள் மண்ணைத்தான் என்பது ஜெர்மானியர்களுக்குப் புரிந்துவிட்டது. 1981 அக்டோபரில் பான் நகரில் சுமார் மூன்று லட்சம் பேர் திரண்டு நின்றார்கள். பலூன்கள் பறந்த அதே ஜூன் மாதத்தில் அமெரிக்க அதிபர் ரீகன் மேற்கு பெர்லினுக்கு வந்தபோது, தெருக்களில் கல்லும் கண்ணீர்ப்புகையுமாக இருந்தது.

கார்கெஸ் வாசித்துக்கொண்டிருந்த குழுவின் பெயரும் அதில் பாடிய பெண்ணின் பெயரும் ஒன்றே: நேனா. இயற்பெயர் கேப்ரியேலே கெர்னர், வயது இருபத்திரண்டு. கீபோர்டு கலைஞர் ஊவே ஃபாரென்க்ரோக்-பீட்டர்சன் மெட்டமைத்தார். வரிகள் கார்கெஸுடையவை. 1983 தொடக்கத்தில் பாட்டு வெளியாகி மேற்கு ஜெர்மனியில் முதலிடம் பிடித்தது.

பாட்டை இன்று கேட்டாலும் கால் தானாகத் தாளம் போடும். முதலில் தாளமே இல்லை. நீண்டு ஒலிக்கும் கீபோர்டு ஒலியின் மேல் நேனாவின் குரல் மட்டும், கதை சொல்ல உட்காருபவரின் நிதானத்தோடு வருகிறது. எனக்குக் கொஞ்சம் நேரம் தருவாயா என்று அது கேட்கிறது. பிறகு பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் பாய்ந்து வர, பாட்டு ஓட்டம் எடுக்கிறது. சாதாரணமாக இப்படிப்பட்ட பாட்டில் எல்லோரும் சேர்ந்து பாட ஒரு பல்லவி இருக்கும். இதில் அது கிடையாது. ஒரு சரணம் முடிந்தால் அடுத்த சரணம். கதை திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருக்கிறது.

அந்தக் கதை இது. அடிவானத்தை நோக்கிப் போகும் 99 பலூன்களைப் பறக்கும் தட்டுகள் என்று எண்ணி ஒரு தளபதி போர் விமானங்களை அனுப்புகிறார். போன விமானிகள் ஒவ்வொருவருக்கும் தான்தான் 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கேப்டன் கிர்க் என்ற நினைப்பு. பலூன்களைச் சுட்டு வாணவேடிக்கை காட்டுகிறார்கள். விவரம் புரியாத பக்கத்து நாட்டார் தங்களைச் சீண்டுவதாக எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்து வருகிறார்கள் 99 போர் அமைச்சர்கள், ஆளுக்கொரு பெட்ரோல் கேனும் தீப்பெட்டியுமாக. பெரிய வேட்டை கிடைத்துவிட்டது என்ற ஆசையில் போர், போர் என்கிறார்கள். 99 ஆண்டுகள் போர் நடந்து, வென்றவர் என்று நிற்க ஒருவரும் மிஞ்சவில்லை. அமைச்சர்களும் இல்லை, விமானங்களும் இல்லை. இங்கே தாளம் அறுந்துபோகிறது. ஆரம்பத்தில் கேட்ட அதே தனிக்குரல் திரும்பி வந்து, இடிபாடுகளுக்கிடையே நடக்கிறது. ஒரே ஒரு பலூன் கிடைக்க, பிரியமானவரை நினைத்து அதைப் பறக்கவிடுகிறது.

துள்ளலான இசைக்குள் துயரமான சேதியை ஒளித்துவைத்தார்கள் என்று இந்தப் பாட்டைப் பற்றிப் பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. துள்ளலும் சேதியின் பகுதிதான். கதையில் அழிவை நோக்கிப் போகும் எவரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போகவில்லை. விமானிகளுக்கு அது சாகசம், அமைச்சர்களுக்கு அது வாய்ப்பு. ஒவ்வொருவரும் உற்சாகமாக ஓரடி எடுத்துவைக்கிறார்கள், அடுத்தவர் அதைவிட உற்சாகமாக அடுத்த அடி வைக்கிறார். கேட்கிற நாமும் தாளத்தில் அவர்களோடு ஆடிக்கொண்டு போகிறோம். இசை நிற்கும்போது தலைக்கு மேல் கூரை இல்லை. சோக மெட்டில் இதைப் பாடியிருந்தால் நாம் கரையில் நின்று வருந்தியிருப்போம். கிழக்கு, மேற்கு என்று எந்த நாட்டின் பெயரையும் கார்கெஸ் சொல்லாததற்காகவும் அவரை மெச்ச வேண்டும். எந்தப் பக்கத்துத் தளபதி என்று கடைசிவரை தெரியாது.

ஜெர்மானியர்களுக்கு இதில் ஒளிவுமறைவு எதுவும் இருந்ததில்லை. சொந்த மொழியில் கேட்டார்கள், விளங்கிக்கொண்டார்கள். கடல் கடந்தபோதுதான் அர்த்தம் மறைந்தது. லாஸ் ஏஞ்சல்ஸின் கேஆர்ஓகியூ வானொலி ஜெர்மன் பாட்டை அப்படியே ஒலிபரப்ப, 1984 மார்ச்சில் அது அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம்வரை ஏறியது. ஒரு சொல்கூடப் புரியாமல் லட்சக்கணக்கானோர் ஆடினார்கள். கெவின் மெக்கலே எழுதிய ஆங்கில வடிவம் பிரிட்டனில் முதலிடம் பெற்றது. அதில் பொம்மைக் கடையில் பலூன் வாங்கிப் பறக்கவிடும் இருவர் வருகிறார்கள், பலூன்கள் சிவப்பாகின்றன, கணினி மென்பொருளின் பிழை எச்சரிக்கை மணியை அடிக்கிறது. நேனா குழுவினருக்கு அந்த வடிவம் பிடிக்கவில்லை. எனக்கும் ஜெர்மன் கதையே பெரிதாகப் படுகிறது. அங்கே பழி போட இயந்திரம் ஏதும் இல்லை. மனிதர்களின் வீறாப்பு மட்டுமே.

ஆனாலும் மென்பொருளைச் சேர்த்த மெக்கலேயின் கற்பனை வீண் கற்பனை அல்ல. 1979 நவம்பரில் பயிற்சிக்கான தரவு அமெரிக்க எச்சரிக்கைக் கணினியில் ஓடி, சோவியத் தாக்குதல் தொடங்கிவிட்டதாகக் காட்டியது. போர் விமானங்கள் கிளம்பின. 1980 ஜூனில் 46 சென்ட் விலையுள்ள ஒரு சிப் பழுதாகி அதே பீதியைக் கிளப்பியது. 1983 செப்டம்பர் 1 அன்று வழிதவறி சோவியத் வானுக்குள் வந்த கொரியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். 269 பேரும் மாண்டார்கள். அதே மாதம் 26ஆம் தேதி, மாஸ்கோவுக்கு அருகே ஒரு கண்காணிப்பு மையத்தில் பணியிலிருந்த ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவின் திரையில், அமெரிக்கா ஐந்து ஏவுகணைகளை ஏவியிருப்பதாக எச்சரிக்கை வந்தது. உண்மையான தாக்குதல் என்றால் வெறும் ஐந்தோடு தொடங்குவார்களா என்று யோசித்த அவர், பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொன்னார். உயரத்து மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைத்தான் செயற்கைக்கோள் ஏவுகணை என்று எண்ணியிருந்தது. இந்தச் சம்பவம் 1990களில்தான் வெளியே தெரிந்தது. 1984இல் அமெரிக்க நடன அரங்குகளில் பலூன் பாட்டுக்கு ஆடியவர்களுக்கு, ஆறு மாதத்துக்கு முன் தாங்கள் எதிலிருந்து தப்பினோம் என்பது தெரியாது.

மொழி புரியாத ஊர்களிலும் பாட்டின் அர்த்தத்தைச் சிலர் பிற்பாடு சரியாகக் கண்டுகொண்டார்கள். 1991இல் வளைகுடாப் போர் தொடங்கியதும், ஒலிபரப்பக் கவனம் தேவை என்று பிபிசி வானொலி குறித்துவைத்த அறுபத்துச் சொச்சம் பாடல்களில் நேனாவின் பலூன்களும் இருந்தன. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வானொலி நிலையங்களை நடத்திய கிளியர் சேனல் நிறுவனம், இப்போதைக்கு ஒலிபரப்பத் தகுந்தவையா என்று யோசிக்கச் சொல்லிச் சுற்றுக்கு விட்ட பட்டியலிலும் அது இடம்பெற்றது. சில வாரங்களில் ஆப்கானிஸ்தான் போர் தொடங்கியது. வரிகளை எழுதிய கார்கெஸ் 2002 ஜனவரியில் இறந்தார். நேனா இன்னமும் மேடைகளில் அதைப் பாடுகிறார், ஜெர்மன் மொழியில்.