இலை ஏன் சுருள்கிறது? மிளகாய்ச் சுருட்டை நோயின் வரலாறு

ஏழாயிரம்பண்ணை என்றதும் தீப்பெட்டியும் பட்டாசும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் ஊரைச் சுற்றி இருப்பது கரிசல் பூமி. மழையை நம்பிப் பருத்தி, சோளம், கம்பு, உளுந்து என்று விதைத்த மண் இது. மிளகாயும் இந்த வட்டாரத்துக்குப் பழக்கமான பயிர்தான். நிலம் இல்லாத வீட்டிலும் பழைய பிளாஸ்டிக் வாளியில் ஒரு மிளகாய்ச் செடி நிற்பதைப் பார்க்கலாம்.

அந்த வாளிச் செடிக்கு அடிக்கடி வரும் வியாதி இலைச்சுருட்டை. கொழுந்து சுருங்கும், இலை மடங்கும், பூ உதிரும், காய் பிடிக்காது. பார்ப்பவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். "தண்ணி பத்தலை" என்பார் ஒருவர். "கண்ணு பட்டுருச்சு" என்பார் இன்னொருவர். "கடையில மருந்து வாங்கி அடி" என்பார் மூன்றாமவர். இந்த ஒரு கேள்விக்குச் சரியான பதிலைக் கண்டுபிடிக்க அறிவியலுக்கே பல பத்தாண்டுகள் ஆயின. அந்தக் கதையைப் பார்ப்போம்.

கடல் கடந்து வந்த செடி

மிளகாய் நம் ஊர்ச் செடி அல்ல. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன் நம் சமையலில் காரம் என்றால் மிளகுதான்.

செடிகளின் நோயைப் பற்றி இந்தியர்கள் அதற்கு முன்பே யோசித்திருக்கிறார்கள். சுரபாலர் எழுதிய விருக்ஷாயுர்வேதம் என்ற பழைய சமஸ்கிருத நூல், மனிதனைப் போலவே மரங்களுக்கும் வாதம், பித்தம், கபத்தால் நோய் வரும் என்கிறது. பூச்சியாலும் குளிராலும் வரும் கேடுகளைத் தனியாகப் பிரித்துச் சொல்கிறது. நோய் உள்ளிருந்து வந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்று முதலில் கேட்கும் அந்த முறை இன்றும் பொருந்துகிறது. ஆனால் மிளகாய் அந்த நூல் அறியாத செடி. அதற்கு வைத்தியம் புதிதாகத்தான் தேட வேண்டியிருந்தது.

பூதக்கண்ணாடியில் தெரிந்த எதிரிகள்

இலைச்சுருட்டைக்குக் காரணமான உயிர்களில் முக்கியமானவை மூன்று. மூன்றையும் உலகம் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு ஆண்டுகளில் அடையாளம் கண்டது.

வெள்ளை ஈக்கு 1889இல் கிரேக்க நாட்டில் புகையிலைச் செடியிலிருந்து அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. முரணைச் சிலந்தி எனப்படும் மஞ்சள் சிலந்தியை 1904இல் அமெரிக்காவில் நேதன் பாங்க்ஸ் விவரித்தார். இது பூச்சி இனமே அல்ல, எட்டுக் கால் உள்ள சிலந்தி வகை. நீளம் சுமார் 0.2 மில்லிமீட்டர்தான். வெறும் கண்ணுக்குத் தெரியாது. மூன்றாவது இலைப்பேன். மிளகாயைத் தாக்கும் இலைப்பேனை 1919இல் ஜே. டி. ஹூட் என்ற அமெரிக்கர் விவரித்தார். அவருக்குக் கிடைத்த மாதிரிகள் தென்னிந்தியாவிலிருந்து போனவை என்பது குறிப்பிடத்தக்கது!

மேற்கு இந்தியாவில் மிளகாய்ச் சுருட்டையை "முர்டா" என்று அழைத்தார்கள். அதைப் பற்றி 1922இல் குல்கர்னி ஆய்வுக் கட்டுரை எழுதினார். தமிழ்நாட்டுப் பக்கம் இதை ஆராய்ந்தவர் சென்னை மாகாண அரசின் பூச்சியியல் வல்லுநர் டி. வி. ராமகிருஷ்ண ஐயர். அவரும் சுப்பையா, கிருஷ்ணமூர்த்தி ஆகிய இருவரும் சேர்ந்து, குண்டூர், மதுரைப் பகுதிகளில் இலைப்பேனால் வரும் மிளகாய்ச் சுருட்டையைப் பற்றி 1935இல் மெட்ராஸ் விவசாய இதழில் எழுதினார்கள். மதுரைச் சீமையிலிருந்து ஏழாயிரம்பண்ணை வெகுதூரம் இல்லை. ஆக, இந்த வட்டாரத்து விவசாயி பட்ட கஷ்டத்துக்கு ஒரு காரணம் அப்போதே அச்சில் வந்துவிட்டது.

பூச்சியும் இல்லாத சுருட்டை

பூச்சியே தெரியாத செடியிலும் இலை சுருண்டது. இதற்கு விடை வைரஸ். 1892இல் ரஷ்யாவின் இவானோவ்ஸ்கியும் 1898இல் ஹாலந்தின் பெய்ஜெரிங்கும் புகையிலை நோயை ஆராய்ந்தபோது, பாக்டீரியாவை வடிகட்டும் வடிகட்டியையும் தாண்டிப் போகும் ஒரு நோய்க்காரணி இருப்பது தெரிந்தது. பிறகு உருளைக்கிழங்கின் இலைச்சுருட்டையும் தொற்றுநோய்தான் என்று ஹாலந்தில் காட்டினார்கள். மிளகாயில் வரும் வைரஸ் சுருட்டையை ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குக் கொண்டு போவது வெள்ளை ஈ. ஈ கடித்ததோடு கதை முடிவதில்லை. ஈ பறந்து போன பிறகும் வைரஸ் செடிக்குள்ளேயே இருக்கும். அதனால்தான் பூச்சியே தெரிவதில்லை.

மருந்தே வினையான கதை

1939இல் டி.டி.டி.யின் பூச்சி கொல்லும் சக்தியை பால் முல்லர் கண்டுபிடித்தார். இனி எல்லாப் பூச்சிக்கும் முடிவு என்று உலகம் நம்பியது. நடந்தது வேறு. டி.டி.டி. அடித்த ஆப்பிள் தோட்டங்களில் சிலந்திகள் பெருகின. காரணம் எளிது. அந்த மருந்து சிலந்தியைக் கொல்லவில்லை, சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகளைக் கொன்றுவிட்டது. பின்னால் வந்த செயற்கை பைரித்ராய்டு மருந்துகளிலும் இதே அனுபவம்தான்.

எந்தச் சுருட்டை என்று தெரியாமல் மருந்து அடித்தால் பணமும் போகும், செடியும் போகும் என்பதே இதன் பாடம். வாளிச் செடிக்கு நஷ்டம் சில ரூபாய். ஏக்கர் கணக்கில் பயிரிட்டவருக்கு அது ஒரு வருடச் சாப்பாடு. 2021இல் ஆந்திரா, தெலங்கானா மிளகாய் வயல்களில் பூவையே தாக்கும் ஒரு புதுவகை இலைப்பேன் புகுந்து பெரும் நஷ்டத்தை உண்டாக்கியது. ஆகவே இது முடிந்துபோன வரலாறு அல்ல.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இத்தனை ஆண்டு ஆராய்ச்சியையும் நான்கு வரியில் சொல்லிவிடலாம்.

1. இலை விளிம்பு மேல்நோக்கிப் படகு போல மடங்கினால் இலைப்பேன். ஒரு வெள்ளைத் தாளின் மேல் கொழுந்தைத் தட்டினால் மெல்லிய சிறு பூச்சிகள் ஓடும்.

2. கீழ்நோக்கிக் கவிழ்த்த படகு போல மடங்கி, காம்பு நீண்டு, இலை குறுகினால் முரணைச் சிலந்தி. இதைப் பார்க்க நல்ல பூதக்கண்ணாடி வேண்டும்.

3. இலை சிறுத்து, நெளிந்து, மஞ்சள் ஓடி, செடியே குட்டையாகி, அடியில் வெள்ளை ஈ பறந்தால் வைரஸ்.

4. உச்சி வெயிலில் சுருண்டு சாயங்காலம் விரிந்தால் அது நோயே அல்ல, வெயில்தான். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதும்.

இலைப்பேனுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதம் தெளிக்கலாம். வைரஸ் வந்த செடிக்கு மருந்தே கிடையாது. மற்ற செடிகளுக்குப் பரவும் முன் பிடுங்கி அழிக்க வேண்டியதுதான்.

கந்தகத்தின் இரண்டு முகம்

முரணைச் சிலந்திக்கு மருந்து எது தெரியுமா? கந்தகம்! 1923 வாக்கில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்து சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரத்துக்குப் பழகிய அதே பொருள். உலகத் தோட்டக்காரர்களுக்கும் இது பழைய நண்பன். 1840களில் இங்கிலாந்தில் திராட்சைக் கொடியைச் சாம்பல் நோய் தாக்கியபோது அதை அடக்கியது கந்தகம்தான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பட்டாசுக்கு வைத்திருக்கும் கந்தகத்தைச் செடியில் தூவக் கூடாது. உரக்கடையில் விற்கும் நனையும் கந்தகத்தூளை, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் தண்ணீரில் கலந்து, மாலை வேளையில் மட்டும் தெளிக்க வேண்டும். கடும் வெயிலில் அடித்தால் இலை கருகிவிடும்.

முடிவாக, சுருண்ட இலையைப் பார்த்ததும் மருந்துக்கடைக்கு ஓடுவதற்கு முன் ஒரு நிமிடம் குனிந்து, இலை மேலே மடங்கியிருக்கிறதா கீழே மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. அந்த ஒரு நிமிடம் பலரின் பல வருட உழைப்பால் நமக்குக் கிடைத்தது.