டிரான்ஸ்ஃபர் ஆர்டரை மறுத்த ஆட்டக்காரர்

வங்கி வேலையில் இருப்பவர்களுக்கு டிரான்ஸ்ஃபர் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை மூட்டை கட்டுவது, பிள்ளைகளுக்குப் புது ஸ்கூல் தேடுவது, புது ஊரில் புது பாஷை. நாமெல்லாம் முணுமுணுத்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். "போக மாட்டேன்" என்று சுப்ரீம் கோர்ட் வரை போன ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். பெயர் கர்ட் ஃபிளட். பேஸ்பால் ஆட்டக்காரர்.

1938-ல் ஹூஸ்டனில் பிறந்து ஓக்லாண்டில் வளர்ந்த கறுப்பினத்தவர். அவுட்ஃபீல்டர், அதாவது நம் கிரிக்கெட்டில் பவுண்டரி பக்கம் நிற்பவர் மாதிரி, தூரத்தில் நின்று உயரப் பந்துகளைப் பிடிப்பவர். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு 1958 முதல் 1969 வரை 12 சீசன் ஆடினார். சிறந்த ஃபீல்டருக்கான தங்கக் கையுறை விருது தொடர்ந்து 7 வருடம் அவருக்குத்தான். 1966 சீசன் முழுவதும் ஃபீல்டிங்கில் ஒரு தவறுகூடச் செய்யவில்லை. 1964, 1967 என்று இரண்டு முறை அவர் அணி வேர்ல்ட் சீரிஸ் வென்றது.

1969 அக்டோபரில் ஒரு போன் வந்தது. அவரை பிலடெல்பியா அணிக்கு மாற்றிவிட்டார்களாம். யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இங்கேதான் நமக்கும் அவருக்கும் வித்தியாசம். டிரான்ஸ்ஃபர் பிடிக்கவில்லை என்றால் நாம் ராஜினாமா செய்துவிட்டு வேறு வங்கியில் சேரலாம். அவரால் முடியாது. ஒப்பந்தத்தில் 'ரிசர்வ் கிளாஸ்' என்று ஒரு ஷரத்து. ஒப்பந்தம் முடிந்தாலும் அணி தன்னிச்சையாகப் புதுப்பித்துக்கொள்ளும். மற்ற அணிகள் தொடக்கூடாது. ஆட விருப்பமா, அங்கே போ. இல்லையா, வீட்டில் இரு. பேஸ்பாலுக்கு ஏகபோக எதிர்ப்புச் சட்டம் பொருந்தாது என்று 1922-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருந்ததால் முதலாளிகளுக்குக் கவலை இல்லை.

வருடத்துக்கு 90,000 டாலர் சம்பளம் வாங்கியவர் அவர். அந்தக் காலத்தில் பெரிய தொகை. "இவ்வளவு வாங்குபவனுக்கு என்ன குறை?" என்று கேட்டார்கள். சம்பளம் எவ்வளவு ஆனாலும் விற்று வாங்கும் சரக்கு அல்ல நான் என்பதுதான் அவர் பதில். 1970 ஜனவரியில் வழக்குப் போட்டார். அந்த சீசன் முழுவதும் ஆடவில்லை, சம்பளமும் இல்லை. ஜாக்கி ராபின்சன் வந்து சாட்சி சொன்னார். ஆனால் அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூட கோர்ட் பக்கம் வரவில்லை. பயம்தான், வேறென்ன?

1971-ல் வாஷிங்டன் அணிக்கு 13 ஆட்டம் ஆடிவிட்டு விலகினார். 1972 ஜூனில் தீர்ப்பு. 5-க்கு 3 என்று தோற்றார். பேஸ்பாலுக்கு மட்டும் இந்த விலக்கு பொருத்தமில்லாததுதான், ஆனால் அதை நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்றது கோர்ட்.

ஆனால் கதவு ஆடிவிட்டது. 1973-ல் புது விதி வந்தது: பெரிய லீகில் 10 வருடமும், அதில் கடைசி 5 வருடம் ஒரே அணியிலும் ஆடியவரை அவர் சம்மதம் இல்லாமல் மாற்றக்கூடாது. 1975 டிசம்பரில் மெஸ்ஸர்ஸ்மித், மெக்நாலி என்ற இருவர் தொடர்பான மத்தியஸ்தத் தீர்ப்பில் ரிசர்வ் கிளாஸின் பிடியும் தளர்ந்தது. அதன்பின் ஆட்டக்காரர்களின் சம்பளம் எகிறியது ஊரறிந்த கதை.

ஃபிளட் 1997-ல் காலமானார். அடுத்த வருடம் அவர் பெயரிலேயே சட்டம் வந்தது.

அந்த 1973 விதியை 1969-க்குப் பொருத்திப் பாருங்கள். ஒரே அணியில் 12 சீசன் ஆடியவர். ஒரு "இல்லை" சொல்லியிருந்தாலே போதும், செயின்ட் லூயிஸிலேயே இருந்திருப்பார். வரவு மற்றவர்கள் கணக்கில், செலவு முழுக்க அவர் கணக்கில்.