வெள்ளைக் காகிதமும் வெண்விளிம்பும்: கெலார்ட்டின் கடல்நத்தை ஒன்றை இனங்காணும் சிக்கல்

கோனியோபிராங்கஸ் பிரெசியோசஸ் என இன்று வழங்கும் ஓடில்லாக் கடல்நத்தை மூன்று செ.மீ.க்கு மேல் வளர்வது அரிது. வெளிறிய முதுகு, முதுகுப் போர்வையின் ஓரத்தில் மூன்று நிறப் பட்டைகள். வெளியிலிருந்து உள்நோக்கி எண்ணினால் மெல்லிய வெள்ளை, அடர்சிவப்பு, பரவிய மஞ்சள். நியூ கலிடோனியாவிலிருந்து 1875இல் குரோஸ் பெயரிட்ட வெரியேரி இனத்தில் வெளிவெள்ளை இல்லை, சிவப்பே எல்லை. புறத்தோற்றத்தைக் கொண்டு இவ்விரண்டையும் பிரிக்க முனைபவர் கடைசியில் வந்து நிற்கும் இடம் அந்த ஒரு வெண்கோடுதான். அந்தக் கோட்டுக்கான வரலாற்றுச் சான்றை எங்கே தேடுவது என்பதில் சார்லஸ் எலியட் 1906இல் வகுத்த வழியோடு இக்கட்டுரை மாறுபடுகிறது.

பின்னணி அறிந்ததே. இலங்கையில் பிறந்த படைமருத்துவர் கெலார்ட், முத்துச்சிப்பி ஆய்வுக்காக அரசு அமர்த்திய காலத்தில், திருகோணமலைக் கரையில் உயிருள்ள கடல்நத்தைகளைப் பார்த்து விவரித்தார். பிரெசியோசஸ் அவர் வைத்த பெயர். 1860இல் கப்பலில் இறந்தார். சென்னை ஆட்சிப்பணியிலிருந்த வால்டர் எலியட் இந்தியாவில் திரட்டிய நத்தைகளையும் ஓவியங்களையும் கொண்டு ஆல்டர், ஹான்காக் இருவரும் 1864இல் புதிய இனங்களை வெளியிட்டனர். கெலார்ட்டின் ஓவியங்களும் நியூகாசில் நகரின் ஹான்காக் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. இவ்விரு தொகுப்புகளையும் சேர்த்து ஆராய்ந்தவர் சார்லஸ் எலியட். கிழக்கு ஆப்பிரிக்க ஆட்சிப் பொறுப்பிலிருந்து 1904இல் விலகி, ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தபோது, தென்னிந்திய, இலங்கை நுடிபிராங்குகள் (ஓடில்லாக் கடல்நத்தைகள்) பற்றிய நீண்ட கட்டுரையை லண்டன் விலங்கியல் கழக இதழில் எழுதினார்.

சார்லஸ் எலியட்டின் உழைப்பு பெரியது. கெலார்ட்டின் பெயர்கள் பல இன்றும் நிலைத்திருப்பதில் அவருக்குப் பங்குண்டு. அவர் காலத்து நுடிபிராங்க் ஆய்வில் டென்மார்க்கின் பெர்க்கின் கை ஓங்கியிருந்தது: உணவைச் சுரண்டும் அரநாக்கின் பல்வரிசையும் உள்ளுறுப்பும் தெரியாத விவரணையை அந்த மரபு முழுமையானதாக ஏற்பதில்லை. கெலார்ட் பெரும்பாலும் புறத்தோற்றத்தையே எழுதியவர். எனவே அவருடைய சுருக்கமான சொற்களுக்குத் துணை தேட வேண்டியிருந்தது. எலியட் கண்ட துணை ஓவியங்கள். கட்டுரைத் தலைப்பிலேயே அவற்றுக்குத் தனியிடம் தந்தார். சொல் ஐயத்துக்கு இடந்தரும்போது படத்தை உரைகல்லாகக் கொள்ளும் பழக்கம் அங்கிருந்து பின்வந்தோரிடமும் பரவியது.

சில இனங்களுக்கு இம்முறை நன்றாகவே பொருந்தும். கெலார்ட் பெயரிட்ட ஜோருன்னா ஃபியூனெப்ரிஸை எடுத்துக்கொள்வோம். வெள்ளுடலில் கருவளையங்கள், எந்த ஓவியனும் அவற்றைத் தவறவிட மாட்டான், காலம் எளிதில் அழிக்காது. ஆனால் பிரெசியோசஸ் வகையில் இதே முறை வழுக்குகிறது. காரணம் எளியது: வெள்ளைக் காகிதத்தில் நீர்வண்ணம் தீட்டும் ஓவியன் உயிரின் வெளி ஓரத்திலுள்ள மெல்லிய வெண்பட்டையை எப்படிக் காட்டுவான்? தனிக் கோடு இழுத்தோ நிழலிட்டோ பிரித்தாலொழிய அது காகிதத்தில் கரைந்துபோகும். பார்ப்பவர் கண்ணுக்குச் சிவப்போடு உடல் முடிந்துவிடும். வெள்ளை விளிம்புள்ள இனமும் விளிம்பில்லாத இனமும் ஒரே படமாகிவிடும். படத்தில் வெள்ளை தெரியவில்லை என்பதால் உயிரில் வெள்ளை இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

சாராயத்தில் இட்ட உடல்களும் இங்கே கைகொடுப்பதில்லை. சிவப்பும் மஞ்சளும் முதலில் கரைந்து வெளியேறும்; எஞ்சுவது வெளிறிய உடல். நியூகாசில் குப்பிகள் உறுப்பமைப்பைச் சொல்லலாம், விளிம்பின் நிற அடுக்கைச் சொல்லா. ஆகவே உயிரோடு பார்த்தவர் அச்சிட்ட சொல்லே முதற்சான்று, ஓவியம் துணைச்சான்று என்ற வரிசையை நான் வலியுறுத்துகிறேன். பெயரிடல் நெறியும் இதற்கு அரணாகிறது. ஒரு பெயருக்குத் தகுதி தருவது வெளியிடப்பட்ட விவரணை. பெட்டியில் கிடந்த படம், அது எவ்வளவு அழகாயினும், அந்தத் தகுதியைத் தராது. சொல்லும் படமும் முரண்பட்டால் படத்தின் பக்கம் சாய்வதற்குத் தனிக் காரணம் காட்ட வேண்டும்.

காலக்கணிப்பிலும் ஒரு முடிச்சு அவிழாமல் இருக்கிறது. கெலார்ட்டின் விவரணைகள் ராயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை இதழிலும், லண்டன் இதழொன்றில் 1859லும் வந்தன. கிளை இதழுக்குச் சிலர் 1858 என்றும் சிலர் 1859 என்றும் ஆண்டிடுகிறார்கள். இதழ் சுட்டும் ஆண்டையும் அச்சேறி வெளிவந்த நாளையும் ஒன்றாகக் கொள்ள முடியாததால், வழக்கிலுள்ள 1858ஐத் தற்காலிகமாகவே பயன்படுத்துகிறேன்.

பின்வந்த ஆய்வுகளைச் சுருக்கமாகவே சுட்டலாம். ரட்மன் 1985இல் வெரியேரி, ஃபிடெலிஸ் முதலிய நிறக்குழுக்களை ஆராய்ந்தார். ஜான்சன், காஸ்லினர் இருவரின் 2012 மரபணு ஆய்வு, குரோமோடோரிஸ் என்ற பேரினத்தில் அடங்கியிருந்த பலவற்றைக் கோனியோபிராங்கஸுக்கு மாற்றியது. 2018இல் லேட்டனும் உடனாய்வாளர்களும் குரோமோடோரிஸ் பேரினத்தில் ஒரே நிறக்கோலம் வெவ்வேறு இனங்களில் அமையலாம் என்றும், ஓர் இனத்துக்குள்ளேயே கோலம் மாறலாம் என்றும் காட்டினர். இந்த முடிவு என் வாதத்தையும் உரசிப் பார்க்கிறது. வெண்கோடு இனப்பிரிவின் அடையாளமா, ஓர் இனத்துக்குள் தோன்றி மறையும் வேறுபாடா என்பதை நிறத்தைக் கொண்டு மட்டும் நிறுவ இயலாது. ஆனால் பழைய பெயர் எந்த உயிரைக் குறித்தது என்பது வேறு கேள்வி. அதற்கு விடை தேட, பெயரிட்டவர் கண்ட நிறத்தைத் தவிர நம்மிடம் அதிகம் இல்லை.

இது ஏட்டுச் சிக்கல் மட்டுமன்று. பூந்தமல்லிப் பக்கத்து விலங்கியல் மாணவர்கள் மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள மண்டபத்துக்குச் சென்று திரும்பும்போது கைப்பேசியில் கடல்நத்தைப் படங்களோடு வந்து பெயர் கேட்கிறார்கள். வெளிர்மணலின் மேல் எடுத்த படத்தில் வெண்விளிம்பு மணலோடு கலந்துவிடுகிறது. காகிதத்தில் நேர்ந்தது மீண்டும் நேர்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. எதையும் எடுத்துவர முடியாது, கூடாது. அங்கே படமே சான்று. எனவே உயிரைத் தொடாமல், அதன் பின்னே கருந்தகடு வைத்து எடுத்த ஒரு படமாவது இல்லாமல் இவ்வகைப் பதிவுகளை இனப்பட்டியலில் ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

திருகோணமலையிலிருந்தே புதிய மாதிரிகள், உயிர்நிறப் படமும் மரபணுத் தரவும் சேர்ந்து கிடைக்கும் வரை, நம் கரையில் தென்படும் சிவப்பு-மஞ்சள் விளிம்பு நத்தைகளை ‘பிரெசியோசஸை ஒத்தது’ என்று பதிவதே நேர்மை. எலியட்டுக்கு எதிரான என் வாதமும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. கெலார்ட்டின் ஓவியத்தாள் நிறம் பூசியதாகவோ, விளிம்பு தனிக்கோட்டால் வரையப்பட்டதாகவோ இருந்தால் படத்தின் சாட்சி வலுப்பெறும். அப்போது எலியட்டின் வரிசையே சரி என்று ஏற்க வேண்டிவரும்.