மலைச்சரிவில் மேல்தட்டு: வேண்டிய அனுமதிகள்

குடும்பம் பெருகுவதற்கேற்ப வீடு பெருகுவதில்லை. மகனுக்குத் திருமணமாகிறது, மகள் பரீட்சைக்குப் படிக்கத் தனியிடம் கேட்கிறாள், அயலில் காணியோ இல்லை. பதுளை நகரின் கடைவீடுகளிலும் ஊவாத் தோட்டங்களின் லயங்களிலும் அவ்வேளையில் பார்வை பரணின் பக்கம் திரும்புகிறது. தட்டுமுட்டுச் சாமான்கள் கிடக்கும் அவ்விடத்தைப் பலகையடித்து அறையாக்க எவரிடம் அனுமதி பெற வேண்டும் என்பதைப் பலரும் சிந்திப்பதில்லை.

1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் புதிய கட்டடங்களை மட்டுமன்றி, இருக்கும் கட்டடத்தில் செய்யப்படும் மாற்றங்களையும் கட்டுப்படுத்துகிறது. நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களில் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டமும் சேர்ந்து கொள்கிறது. எனவே மாநகர சபையிடமோ பிரதேச சபையிடமோ காணி உறுதி, நில அளவைப் படம், தகுதியுடையவர் வரைந்த கட்டட வரைபடம் ஆகியவற்றுடன் விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்கும் அனுமதி ஓராண்டுக்குச் செல்லும். வேலை முடிந்தபின் இணக்கச் சான்றிதழ் பெற்ற பின்னரே குடிபுகலாம்.

மலையகத்திற்கு மேலும் ஒரு நிபந்தனை உண்டு. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட அனுமதிக்கு முன்னர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டு அறிக்கை பெறப்படல் வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் சுற்றறிக்கை விதித்தது. பதுளையும் அவற்றுள் ஒன்றாகும். சரிவின் செங்குத்து, வீட்டுக்காக வெட்டப்பட்ட மண்மேடு, மழைநீர் வடியும் வழி என்பன ஆராயப்படுகின்றன. சாமான்களைத் தாங்கிய மரச்சட்டம் மனிதரைத் தாங்குமா என்பதை வரைபடக்காரர் சொல்லலாம். வீட்டைத் தாங்கும் நிலம் நிற்குமா என்பதை இந்த அறிக்கையே சொல்லும்.

உறுதி உள்ளவருக்கு இவ்வழி திறந்திருக்கிறது. லயத்தில் வாழ்பவரின் நிலை வேறு. காணி அரசினுடையது, 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகளின் பொறுப்பில் உள்ளது. தலைமுறைகளாக வாழ்ந்தும் கையில் உறுதி இல்லாததால், பிரதேச சபையில் தம் பெயரில் விண்ணப்பிக்க அவருக்கு வழியில்லை. தோட்ட நிர்வாகத்தின் எழுத்து மூலமான சம்மதமே அவரது முதற்படி. லயத்தில் கூரையும் இடைச்சுவரும் பொதுவானவை என்பதால், ஒருவர் ஏற்றும் பாரம் அடுத்த வீட்டையும் பாதிக்கும். தோட்டங்களுக்குப் பிரதேச சபைகள் சேவையாற்றத் தடையாயிருந்த சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. இந்த மாற்றத்தின் பயன் கட்டட ஆலோசனையிலும் கிடைக்க வேண்டும்.

அறிக்கை மட்டும் உயிர்காக்காது என்பதற்கு மீரியபெத்தையே சாட்சி. கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள அத்தோட்டப் பிரிவு அபாயகரமானது என 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டது. மக்கள் அங்கேயே இருந்தனர். போவதற்கு வேறு வீடு இருக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் அல்லது காணாமற்போயினர். உயிர்தப்பியோருக்கான 75 வீடுகள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னரே கையளிக்கப்பட்டன. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போது பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளைக் கண்டது.

ஆகவே பரணில் கைவைக்குமுன் வீட்டார் சில காரியங்களைச் செய்தல் நலம். தமது இடம் அபாய வலயத்தில் உள்ளதா என்பதைக் கிராம உத்தியோகத்தர் மூலமோ பிரதேச செயலகத்திலோ விசாரிக்கட்டும். சுவரில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்றுநீர் ஆகியவற்றைக் கண்டால் கட்டுமானத்தை மறந்து, இடம்பெயர்வதைப் பற்றி எண்ணட்டும்.

அதிகாரிகளுக்கும் ஒரு கடமை உண்டு. "இங்கே கட்டாதே" என்று எழுதுபவர்கள் "அங்கே கட்டு" என்று ஓர் இடத்தைக் காட்டவும் வேண்டும். காணி உரிமை கிடைக்கும்வரை, தோட்டத் தொழிலாளி அனுமதி கேட்பதற்கே அனுமதி கேட்க வேண்டியவராக இருப்பார்.